விவிடி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன: ஒரு ரிட்ஸும் ஒரு ஸ்விஃப்டும்

என்னிடம் 2010 மாருதி ரிட்ஸ் பெட்ரோல் கார், மச்சானிடம் 2012 ஸ்விஃப்ட். இரண்டிலும் அதே 1.2 லிட்டர் கே12 என்ஜின்தான், ஸ்விஃப்டில் மட்டும் விவிடி உண்டு, அதாவது வால்வு திறந்து மூடும் நேரத்தை ஓடும்போதே மாற்றும் ஏற்பாடு. காகிதத்தில் பார்த்தால் சிரிப்புதான் வரும்: ரிட்ஸுக்குச் சக்தி 85 பிஎஸ், ஸ்விஃப்டுக்கு 87 பிஎஸ், டார்க், அதாவது திருப்பு விசை, 113 என்எம், 114 என்எம். இதற்கா இவ்வளவு பேச்சு என்று கேட்டவன்தான் நானும். ஆனால் பக்கத்துக் கட்டத்தைப் பாருங்கள். ரிட்ஸ் அந்த டார்க்கை 4,500 ஆர்பிஎம்மில் (நிமிஷத்துக்கு என்ஜின் சுற்றும் சுற்றுகள்) தருகிறது, ஸ்விஃப்ட் 4,000-லேயே தந்துவிடுகிறது.

அது ஏலகிரியில் புரிந்தது. மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் வேகம் செத்து, இரண்டாவது கியரில் திரும்பி வெளியே வரும்போது ரிட்ஸ் ஒரு நிமிஷம் யோசிக்கும், முதல் கியருக்கு இறக்கலாமா வேண்டாமா என்று நானும் சேர்ந்து யோசிப்பேன். ஸ்விஃப்டில் மிதித்தால் முனகாமல் ஏறுகிறது. ரிட்ஸ் கொஞ்சம் கனமான வண்டி, அதையும் கழித்துக்கொள்ளுங்கள், சரி, அப்படியும் வித்தியாசம் தெரிகிறது.

காரணம் இதுதான். பிஸ்டன் கீழே போய் மறுபடி மேலே ஏறத் தொடங்கிய பிறகும், காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். என்ஜின் வேகமாகச் சுற்றும்போது காற்று வந்த வேகத்திலேயே உள்ளே ஏறிக்கொண்டிருக்கும், அதனால் லாபம். மெதுவாகச் சுற்றும்போது உள்ளே வந்ததில் கொஞ்சம் வந்த வழியே திரும்பிப் போய்விடும். விவிடி இல்லாத என்ஜினில் இந்த நேரக்கணக்கு ஒன்றே ஒன்றுதான், இரண்டுக்கும் நடுவில் சமரசம். ஸ்விஃப்டில் வால்வைத் தள்ளித் திறக்கும் மேடுள்ள தண்டான இன்டேக் கேமின் பல்சக்கரத்துக்குள் (ஸ்ப்ராக்கெட்) ஆயில் போய் கேமை முன்னும் பின்னும் திருப்புவதால், தேவைப்படும்போது வால்வைச் சீக்கிரம் மூட முடிகிறது.

ஹோண்டாவின் விடெக்கையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அது வேறு சாதி. விவிடி வால்வு திறக்கும் நேரத்தை மட்டும் நகர்த்தும். விடெக் கேம் மேட்டையே மாற்றும், அதாவது ஆர்பிஎம் மேலே போனதும் ஒரு பின் பூட்டிக்கொள்ள, வால்வு இன்னும் ஆழமாக, இன்னும் அதிக நேரம் திறக்கும். 1989 இன்டெக்ராவில் 1.6 லிட்டரில் 160 பிஎஸ் எடுத்தது அப்படித்தான், ஆனால் 7,600 ஆர்பிஎம்மில்! கிண்டி சிக்னலில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆசைக்கு விடெக், ஆபீஸுக்கு விவிடி என்பது என் கட்சி.

ரிட்ஸுக்கும் ஒரு நியாயம் உண்டு. விவிடி முழுக்க ஆயில் அழுத்தத்தை நம்பி ஓடுவது. மச்சான் ஒருமுறை ஆயில் மாற்றுவதைத் தள்ளிக்கொண்டே போனார், ஐடிலில் வண்டி குலுங்கியது, செக் என்ஜின் விளக்கும் எரிந்தது. விவிடிக்கு ஆயில் அனுப்பும் ஆயில் கன்ட்ரோல் வால்வைக் கழற்றிப் பார்த்தால், விரல் நீள உருளை, அதன் வலையில் கருப்பு மண்டி. துடைத்து மாட்டி, புத்தகத்தில் சொன்ன கிரேடு ஆயிலை ஊற்றியதும் அடங்கிவிட்டது. என் ரிட்ஸில் அடைத்துக்கொள்ள அந்த வால்வே கிடையாது. பழைய ஸ்விஃப்ட் வாங்கப் போகிறவர்கள் காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய் ஸ்டார்ட் செய்து பாருங்கள், அப்புறம் ஆயில் மாற்றிய பில்லைக் கேளுங்கள்.