மேயர்ஹாஃபா, லூயிஸ் ஸ்டோக்ஸ் கூட்டணியா?

அமெரிக்காவில் அறிவியல், பொறியியல் படிக்கப் போகும் கறுப்பின, லத்தீன் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது மேயர்ஹாஃப் உதவித்தொகைத் திட்டத்தைத்தான். 1988-ல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் தொடங்கியது. கல்லூரி திறக்கும் முன்பே கோடையில் ஆறு வாரம் எல்லோரையும் ஒன்றாகத் தங்கவைத்துப் படிக்க வைப்பார்கள், அப்புறம் ஒருவர் கால்குலஸில் திணறினால் கூடப் படிப்பவரே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவார், அந்தத் துணை பணத்தைவிடப் பெரியது. ஆனால் முனைவர் பட்டம் வரை போகும் எண்ணம் வேண்டும், படிப்பதும் அந்த ஒரே வளாகத்தில்தான்.

லூயிஸ் ஸ்டோக்ஸ் கூட்டணியும் இதே மாணவர்களுக்கான திட்டம்தான், ஆனால் ஒரே வளாகத்தில் இல்லை. 1991-ல் அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை தொடங்கியது, பல கல்லூரிகள் சேர்ந்து நடத்துவது. இரண்டாண்டு சமுதாயக் கல்லூரிகளும் உண்டு. உதவித்தொகை கல்லூரிக்குக் கல்லூரி மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டைவிட்டுத் தூரம் போக முடியாதவர்களுக்கு இதுதான் சரி.