ஏ.எஸ். 400-இல் கிட் சர்வர்: மூன்று வருடம் ஓட்டிய பிறகு

போன வாரம் தர்மபுரி நண்பர் கூப்பிட்டார். "அண்ணே, உங்க ஐ.பி.எம். மெஷின்லயே கிட் சர்வர் ஓடுதாமே, நாங்களும் போட்டுக்கலாமா?" அன்று மனநிலை சரியில்லை, கத்திவிட்டேன். ஆறிய பிறகு இதை எழுதுகிறேன். கிட் என்பது புரோகிராமில் யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்று கணக்கு வைக்கும் மென்பொருள்.

எங்களுடையது கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஆலை. லாரி எடையிலிருந்து சம்பளம் வரை எல்லாம் ஏ.எஸ். 400 என்ற ஐ.பி.எம். மெஷினில் ஓடும் ஆர்.பி.ஜி. மொழி புரோகிராம்தான். 2008-லேயே அந்த சிஸ்டத்தின் பெயர் ஐ.பி.எம். ஐ என்று மாறிவிட்டது. எங்களுக்கு இன்னும் ஏ.எஸ். 400தான்.

நிறுவுவது சுலபம். இது யுனிக்ஸ் இல்லை என்றாலும், ஐ.பி.எம்.மின் யுனிக்ஸான ஏ.ஐ.எக்ஸ். புரோகிராம்களை ஓட்ட உள்ளேயே பேஸ் என்று ஓர் ஏற்பாடு உண்டு. யம் என்ற நிறுவும் கருவியை வைத்து கிட்டை இறக்கி, மற்ற கணினிகளிலிருந்து பாதுகாப்பாக இணைய எஸ்.எஸ்.எச்.-ஐக் கிளப்பினேன். ஒரு மதியத்தில் முடிந்தது.

வயிற்றெரிச்சல் அப்புறம்தான். இந்த சிஸ்டத்தில் சோர்ஸ், அதாவது நாம் எழுதும் புரோகிராம் வரிகள், என்பது சாதாரண ஃபைல் இல்லை, மெம்பர். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஆறு இலக்க வரிசை எண், ஆறு இலக்கத் தேதி. 970714 என்று இருந்தால் அந்த வரியை 1997 ஜூலை 14-இல் யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்கள் சீனியர், நாங்கள் சார் என்று கூப்பிடுபவர், அந்தத் தேதியைப் பார்த்தே, "இது அந்த வருஷ போனஸுக்காகப் போட்டது" என்பார். கிட்டுக்காக ஸ்ட்ரீம் ஃபைலாக, அதாவது சாதாரண ஃபைலாக, மாற்றும்போது அந்தப் பன்னிரண்டு இலக்கமும் போய்விடும். இப்போது ஒவ்வொரு வரியையும் எழுதியவரைக் காட்டும் கிட்டின் பிளேம் பார்த்தால் இருபத்தைந்து வருட வரிகளையும் ஒரே சனிக்கிழமை நானே எழுதியதாகக் காட்டுகிறது. சார் செய்த தப்புகளும் என் கணக்கில்! தேதிகளைத் தனி ஃபைலாகப் போடலாமே என்பீர்கள். போட்டேன். யாரும் திறப்பதில்லை.

எப்சிடிக் என்ற ஐ.பி.எம். எழுத்துக் குறியீட்டிலிருந்து இன்றைய பொதுக் குறியீடான யு.டி.எஃப்-8-க்கு மாற்றியது, முதல் தடவை வரி முடிவை மாற்ற மறந்து ஒவ்வொரு வரியிலும் சி.ஆர். என்ற கண்ணுக்குத் தெரியாத குறி ஒட்டிக்கொண்டது எல்லாம் ஒரு நாள் தலைவலிதான். பேக்கப் விஷயம் அப்படியில்லை. ரெப்போ, அதாவது கிட்டின் கிடங்கு, ஐ.எஃப்.எஸ். என்ற ஃபோல்டர் பகுதியில் இருக்கிறது, லைப்ரரிகளை பேக்கப் எடுக்கும் சேவ்லிப் கமாண்ட் அதைத் தொடாது. சேவ் கமாண்டைத் தனியாக ஓட்ட வேண்டும். எட்டு மாதம் நாங்கள் ஓட்டவே இல்லை. நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும். மூன்று வருடத்தில் சர்வர் ஒரு தடவைகூடப் படுக்கவில்லை. போன ஜூன் சீசனில், எடைமேடை ரசீதில் கழிவு தப்பாக வர, வாசலில் லாரிகள் நிற்க, ராத்திரி பதினோரு மணிக்கு எந்த வரி மாறியது என்று காட்டும் டிஃப் பார்த்துப் பத்தே நிமிடத்தில் தப்பான வரியைப் பிடித்தேன். பழைய முறையில் விடிந்திருக்கும்.

சரி, நண்பருக்குப் பதில்: போடாதீர்கள். ஒரு பழைய பி.சி.யில் லினக்ஸ் ஏற்றி கிட்டை அதில் வையுங்கள். நாங்கள் மாற்றப் போவதில்லை.

சார் பழைய மெம்பர்களை அழிக்க விடவில்லை. நேற்று ஒரு வரியின் தேதி வேண்டியிருந்தது. அங்கேதான் போய்ப் பார்த்தேன்.