டெல்டாவிலிருந்து நாயோடு பயணம்: விமானமா, ரயிலா, காரா?

டெல்டாவில் வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படும் காலம் இது. பிள்ளைகள் சென்னைக்கோ பெங்களூருக்கோ மும்பைக்கோ வேலைக்குப் போய்விட, கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் தனியாக இருந்த பெற்றோர் வயதான பிறகு அவர்களோடு போய்ச் சேருகிறார்கள். கட்டில் பீரோவுக்கு லாரி கிடைத்துவிடும். வீட்டு நாயை எப்படிக் கொண்டுபோவது என்பதில்தான் திணறல். பலர் தெருவிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். பத்து வருடம் திண்ணையில் படுத்துக் கிடந்த ஜீவனை அப்படி விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால்தான் இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

விமானக் கேபினில் நாயை ஏற்றலாமா என்று பேச ஆரம்பித்தாலே சண்டை வந்துவிடும். "அது எங்கள் வீட்டுப் பிள்ளை" என்பார் ஒருவர், "எனக்கு மூச்சுத் திணறினால் யார் பொறுப்பு?" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் சேவை நாயையும் செல்ல நாயையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அதைப் பிரித்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

பார்வையற்றவருக்கு வழிகாட்டவும், வலிப்பு வந்தால் உதவவும் பயிற்சி பெற்றது சேவை நாய். அதை ஒருவரிடமிருந்து பிரிப்பது கையிலிருக்கும் வெள்ளைக் கோலைப் பிடுங்குவது மாதிரி. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது: கேபினில், உரியவரின் காலடியில், கட்டணம் இல்லாமல் வர வேண்டும். செல்லப்பிராணிகளை ஏற்றாத இண்டிகோகூட சேவை நாயை ஏற்கிறது. நம் பக்கத்தில் வழிகாட்டி நாயோடு நடப்பவரைப் பார்ப்பது அரிது. அரிது என்பதாலேயே வாசலில் நிற்கும் காவலருக்கும் கவுன்டரில் இருப்பவருக்கும் விதி தெரியாமல் போகக் கூடாது.

அமெரிக்காவில் இந்த விஷயம் படாதபாடு பட்டது. மன ஆறுதலுக்கான துணைப் பிராணி என்று ஒரு கடிதம் வாங்கினால் கட்டணமில்லாமல் கேபினில் கொண்டுபோகலாம் என்றிருந்தது. நாய், பூனை, பன்றி எல்லாம் ஏறின. 2018 தொடக்கத்தில் நியூவார்க் விமான நிலையத்துக்கு ஒருவர் மயிலையே கொண்டுவந்தார். யுனைடெட் நிறுவனம் ஏற்ற மறுத்தது. பயிற்சி இல்லாத நாய்கள் பயணிகளையும், சில நேரம் நிஜமான சேவை நாய்களையும் கடித்தன. கடைசியில் அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை 2020 டிசம்பரில் விதியைத் திருத்தி, 2021 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதன்படி, ஊனமுற்ற ஒருவருக்காகத் தனியாகப் பயிற்சி பெற்ற நாய் மட்டுமே சேவைப் பிராணி. மனநலப் பிரச்சினைக்காகப் பயிற்சி பெற்ற நாயும் அதில் அடக்கம். வெறும் ஆறுதலுக்கு என்றால் அது செல்லப்பிராணிதான்.

இது கடுமையான முடிவு என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு நியாயமாகவே படுகிறது. டிக்கெட் காசை மிச்சம் பிடிக்க ஒருவர் சொன்ன பொய்க்கு, நிஜமாகவே நாயை நம்பி நடக்கும் இன்னொருவர் கவுன்டருக்குக் கவுன்டர் நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வாமை உள்ளவர் பேச்சையும் அந்த விதி ஒதுக்கிவிடவில்லை. அவரையும் நாயோடு வருபவரையும் தள்ளித் தள்ளி உட்கார வைக்கச் சொல்கிறது. நம் ஊரில் ஒவ்வாமையைவிட வெறிநாய் பயம்தான் பெரிது. அதைச் சிரித்து ஒதுக்கக் கூடாது. தடுப்பூசிச் சான்றிதழைக் கையில் வைத்திருப்பதுதான் அதற்குப் பதில்.

சரி, செல்ல நாய்க்கு வருவோம். இந்தியாவில் ஏர் இந்தியா வெகுகாலமாகவே சின்ன நாய்களைக் கேபினில் ஏற்றிவருகிறது. 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து சென்னைக்கு ஒரு மால்டீஸ் நாய்க்காக அதன் வீட்டார் பிசினஸ் வகுப்பு முழுவதையும் பதிவு செய்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். ஆகாசா விமான நிறுவனம் 2022 நவம்பரில் 7 கிலோ வரம்போடு இதைத் தொடங்கி, பிறகு 10 கிலோவாக்கியது. அந்தக் கணக்கில் கூடையின் எடையும் சேரும். ஆக, சின்னப் பொமரேனியன் போகும். வளர்ந்த நாட்டு நாய் போகாது. லாப்ரடார், ராஜபாளையம், சிப்பிப்பாறையைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

டெல்டாக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். திருச்சியில் 2024இல் புது முனையம் வந்துவிட்டது, ஆனால் அங்கிருந்து உள்நாட்டுக்குப் பறப்பவை பெரும்பாலும் இண்டிகோ. செல்ல நாய்க்கு அதில் இடமில்லை. நாயை ஏற்றும் நிறுவனத்தைத் தேடிச் சென்னைக்குப் போக வேண்டுமென்றால் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் சாலையிலேயே போயாகிவிட்டது. அப்புறம் பெங்களூரு போக விமானம் எதற்கு? டெல்லி, மும்பை என்றால் மட்டும் யோசிக்கலாம்.

பெரிய நாய்க்குச் சரக்கறைதான் என்பார்கள். காற்றழுத்தம் சரியாகத்தான் இருக்கும். ஆபத்து பெரும்பாலும் தரையில். மே மாதம் சென்னை வெயிலில், தகிக்கும் தளத்தில் கூண்டு காத்துக் கிடப்பதை நினைத்துப் பாருங்கள். பக், புல்டாக் மாதிரி மூக்கு சப்பையான நாய்கள் சாதாரண நாளிலேயே இழுத்து இழுத்து மூச்சு விடும். அவற்றைச் சரக்கறையில் ஏற்றவே பல நிறுவனங்கள் மறுக்கின்றன, அது சரிதான். பயத்துக்கு மயக்க மருந்து கொடுத்து அனுப்புவதையும் கால்நடை மருத்துவர்கள் பொதுவாக வேண்டாம் என்றே சொல்வார்கள். வேறு வழியே இல்லாத நீண்ட பயணத்துக்குத் தவிர சரக்கறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ரயில்தான் எனக்குப் பிடித்த வழி. ஆனால் ஒரே ரயிலில் நல்லதும் கெட்டதும் இருக்கிறது. முதல் வகுப்பு ஏசியில் இரண்டு பேர் கூபேயையோ நான்கு பேர் கேபினையோ முழுதாக எடுத்துக்கொண்டால் நாய் நம்மோடு வரலாம். எடை வரம்புத் தொல்லை இல்லை, பக்கத்து சீட்டுக்காரரின் பயமும் இல்லை. ரயில் புறப்படுவதற்கு முன்பே பார்சல் ஆபீசுக்குப் போய், சான்றிதழ்களைக் காட்டி, நாய்க்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். இதில் வயிற்றைக் கலக்குவது என்னவென்றால், கூபே கிடைக்குமா என்பது சார்ட் தயாராகும்போதுதான் தெரியும். முன்கூட்டியே ரயில்வே அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எல்லா வண்டியிலும் முதல் வகுப்பு ஏசி பெட்டி இருக்காது, அதையும் பார்த்துத் தேதியை முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று ரயில் கார்டின் வேனில் இருக்கும் நாய்ப் பெட்டி. செலவு குறைவு. இரும்புப் பெட்டி, இருட்டு, சக்கரச் சத்தம். தண்ணீர் வைப்பது நம் பொறுப்பு. இரண்டு நிமிடம் நிற்கும் ஸ்டேஷனில் இறங்கிக் கடைசிப் பெட்டிவரை ஓடித் திரும்ப வேண்டும். விதி அனுமதிக்கிறது, என் மனம் அனுமதிக்கவில்லை.

சென்னை, பெங்களூரு தூரத்துக்குக் காரும் நல்ல வழிதான். பெரிய நாய்க்கு, அதுவும் வயதான நாய்க்கு, பழகிய கையும் பழகிய வாசனையும் பக்கத்திலேயே இருக்கும். வாடகை வண்டி என்றால் நாய் வருகிறது என்று பேசும்போதே சொல்லிவிடுங்கள். வாசலுக்கு வந்தபின் டிரைவர் மறுத்தால் குற்றம் அவருடையதல்ல. ஒரு வாரம் முன்பே பக்கத்து ஊர்வரை ஏற்றிப்போய்ப் பழக்குங்கள், கிளம்பும் முன் வயிறு நிறையச் சோறு போடாதீர்கள். விடியற்காலை நாலு மணிக்குத் தஞ்சாவூரை விட்டுக் கிளம்பினால் வெயில் உச்சிக்கு வருமுன் சென்னை சேர்ந்துவிடலாம்.