இசட்80: இப்போது வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது?

சிப் வடிவமைப்பாளர் மசடோஷி ஷிமா கைவைத்த 4004, 8080, இசட்80, இசட்8000 ஆகிய மைக்ரோபிராசஸர்களில் ப்ரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் செருகும் பலகை) செருகிப் பழக ஏற்றது 1976-இல் ஸைலாக் வெளியிட்ட இசட்80தான். 8080-க்கு +5, -5, +12 என மூன்று வோல்டேஜ், இரண்டு ஃபேஸ் கிளாக், கூடவே 8224, 8228 துணைச் சிப்கள் வேண்டும். இசட்80-க்கு ஒற்றை 5 வோல்ட், ஒற்றை கிளாக் போதும்.

சிப் வந்ததும் முதல் வேலை நாப் சோதனை (நாப் என்பது எதுவும் செய்யாமல் அடுத்ததுக்குப் போகும் கட்டளை). 11-ஆம் பின்னுக்கு 5 வோல்ட், 29-க்கு கிரவுண்ட், இடையே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். இன்டரப்ட், என்எம்ஐ, வெயிட், பஸ் ரிக்வெஸ்ட் (16, 17, 24, 25) நான்கையும் தலா 10 கிலோ ஓம் வழியாக 5 வோல்ட்டில் கட்டுங்கள். மிதக்கவிட்டால், ஓடுவதுபோல் ஓடி, கையைப் பக்கத்தில் கொண்டுபோனதும் நின்றுவிடும். எட்டு டேட்டா பின்களும் தலா 4.7 கிலோ ஓம் வழியாக கிரவுண்டுக்கு. சிப் எதைப் படித்தாலும் 00, அதாவது நாப். ரீசெட்டை (26) குறைந்தது மூன்று முழு கிளாக் சுற்றுகளுக்குத் தாழ்த்தி வைத்து விடுங்கள். அட்ரஸ் பின்னில் எல்ஈடியை நேரடியாகத் தொங்கவிட வேண்டாம், அதைத் தாங்கும் அளவுக்கு அவுட்புட்டில் கரன்ட் இல்லை. நடுவில் 74ஹெச்சிடி244 பஃபர் போடுங்கள். 4 மெகாஹெர்ட்ஸில் ஏ15 (மிக மேல் அட்ரஸ் லைன்) எல்ஈடி நொடிக்குச் சுமார் 15 முறை மினுங்கும், அதுவும் பாதி வெளிச்சத்தில். சிப் பழுது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு நாப்பின் நான்கு கிளாக்குகளில் பின்னிரண்டும் மெமரி ரெஃப்ரெஷ்ஷுக்குப் போகின்றன. அப்போது மேல் எட்டு லைன்களில் வருவது ஐ ரெஜிஸ்டர், ரீசெட்டுக்குப் பின் அது சுழியம்.

பலர் சறுக்குவது கிளாக்கில். பழைய தயாரிப்பு முறையான என்மாஸ் வகைக்கு கிளாக்கின் உயர்நிலை 4.4 வோல்ட்டைத் தொட வேண்டும். சாதாரண டிடிஎல் ஆசிலேட்டர் அவ்வளவு ஏறாது, 330 ஓம் புல்-அப் சேர்த்தால் சரியாகிவிடும். பட்டன் அழுத்தி ஒவ்வொரு கிளாக்காக ஓட்டிப் பார்க்கும் ஆசையும் என்மாஸில் நடக்காது: கிளாக் 2 மைக்ரோ நொடிக்கு மேல் தாழ்ந்தே கிடந்தால் ரெஜிஸ்டரில் இருப்பது நிலைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. அதற்குக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிந்தைய வகையான சீமாஸ் இசட்84சி00தான் வேண்டும்.

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு: ஒரே நான்கு கிளாக்கில் பிசி (BC), டிஈ, ஹெச்எல் ஆகிய மூன்று ரெஜிஸ்டர் ஜோடிகளையும் மாற்று செட்டோடு இடம் மாற்றும் எக்ஸ்எக்ஸ் (EXX) கட்டளை அருமை. ஐஎக்ஸ், ஐஒய் என்ற இன்டெக்ஸ் ரெஜிஸ்டர்கள் ஓவராகப் புகழப்பட்டவை. ஹெச்எல் வழியாக ஒரு பைட் எடுக்க 7 கிளாக், ஐஎக்ஸ் வழியாக 19. மெமரித் தொகுதியைத் தானே நகலெடுக்கும் எல்டிஐஆர் கட்டளையும் பைட்டுக்கு 21 தின்கிறது. ஒரு பைட் மட்டும் நகலெடுக்கும் எல்டிஐயை வரிசையாக எழுதினால் 16.

தனிச் சிப்புக்கான கடைசி ஆர்டரை ஸைலாக் 2024 ஜூனோடு முடித்துவிட்டதால், இனி பழைய ஸ்டாக்தான். அதில் மேற்பரப்பைச் சுரண்டி '20 மெகாஹெர்ட்ஸ்' என்று அச்சடித்தவை ஏராளம். அந்தக் காலத்தில் நகலெடுப்பவர்களைக் குழப்ப ஷிமா லேஅவுட்டில் ஏமாற்று டிரான்சிஸ்டர்களைப் புதைத்து வைத்தார். இந்தப் போலிகளிடம் அந்த வித்தை பலிக்காது: உள்ளே இருப்பது அசல் இசட்80, பொய் சொல்வது மேலே உள்ள எழுத்து மட்டும்தான். சீமாஸ் என்று விற்றது தொட்டதும் சுட்டால் சந்தேகப்படுங்கள். உறுதிப்படுத்த, ஈடி 71 (ஹெக்ஸ்) என்ற இரண்டு பைட் கட்டளையை ஓட்டி, லாட்ச் (மதிப்பைப் பிடித்து வைக்கும் சிப்) ஒன்றில் அவுட்புட்டைப் பிடியுங்கள். ஸைலாக் சீமாஸ் 255 கொடுக்கும். 0 வந்தால் அது பெரும்பாலும் என்மாஸ், திருப்பி அனுப்பிவிடுங்கள்.