போலோ ஸ்போர்ட்: பழைய பாட்டிலா, புதுசா?

1994-இல் வந்த ரால்ஃப் லாரனின் ஆண்கள் சென்ட் போலோ ஸ்போர்ட்டின் பழைய பாட்டில் பீரோவில் அகப்பட்டால், முதல் இரண்டு மூன்று அடியை வைத்து முடிவு கட்டாதீர்கள். குழாயில் தேங்கி நின்றதுதான் முதலில் வரும். நெயில் பாலிஷ் வாடை அடிக்கலாம். அதைக் கழித்துவிட்டு, காகிதத் துண்டில் ஒருமுறை அடித்து அரைமணி நேரம் விடுங்கள். முதலில் கெடுவது, அடித்ததும் மூக்கில் ஏறும் எலுமிச்சை, ஆரஞ்சு வகை மேல்வாசனை. கடைசிவரை நிற்கும், மரமும் கஸ்தூரியும் கலந்த அடிவாசனை பெரும்பாலும் கெடாமல் தங்கும். கல்லூரி நாட்களைக் கண்முன் நிறுத்துவது அதுதான்.

புதுசில் மேல்வாசனை பளிச்சென்றிருக்கும். ஆனால் வாசனைத் திரவியங்களில் பரவலாக இருந்த லைரால், லிலியால் என்ற இரண்டு மண வேதிப்பொருள்களையும் ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்தபின், பழைய பெயரில் வரும் பல வாசனைகளில், மேல்வாசனை அடங்கியபின் வரும் நடுப்பகுதி மாறிவிட்டது.

புதுச்சேரிப் புழுக்கத்தில் தினசரி உபயோகத்துக்குப் புதுசே சரி; குளித்துத் துவட்டியபின் இரண்டு அடி போதும். நினைவுக்காக என்றால் பழசுக்கு ஈடே இல்லை. வெள்ளைச் சட்டையில் மட்டும் அடிக்காதீர்கள், நிறம் மாறிய திரவம் கறையாக்கும். பாதி காலியான பாட்டிலில் காற்று அதிகம், சீக்கிரம் கெடும்; குளியலறையில் வைக்காமல் இருட்டான அலமாரியில் வையுங்கள். ஸ்ப்ரே துளை அடைத்துக்கொண்டால், அழுத்தும் மேல்மூக்கைக் கழற்றி வெந்நீரில் ஊறவைத்து, நன்றாக உலர்த்திப் பொருத்துங்கள்.