பெயர் போட்ட பட்டியலா, மூடிய அறைப் பேச்சா?

இதய பைபாஸ் சிகிச்சையில் இறப்பைக் குறைக்க, 1990 வாக்கில் அமெரிக்காவில் இரண்டு வழிகள் அருகருகே நடந்தன. நியூயார்க் மாநிலம் மருத்துவமனைவாரியாக இறப்பு விகிதத்தை வெளியிட்டது. ஒரு நாளிதழ் வழக்குப் போட்ட பின், 1991-இல் அறுவை மருத்துவர்களின் பெயர்களும் வெளியே வந்தன. மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் பகுதியின் 5 மருத்துவமனைகளோ எண்களைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டன. ஆனால் ஒருவர் மற்றவரின் அறுவை அரங்குக்கே போய்ப் பார்த்தார்கள்.

இறப்பு முன்னதில் 41 சதவீதமும் பின்னதில் 24 சதவீதமும் குறைந்தது. சரி, பட்டியல் ஜெயித்துவிட்டதா? அப்போது பட்டியலே போடாத மாசசூசெட்ஸ் மாநிலத்திலும் ஏறக்குறைய நியூயார்க் அளவுக்குக் குறைந்ததே!

எனக்கு உறுத்துவது வேறு. பைபாஸ் முடிவில் மயக்க மருத்துவர், இதய-நுரையீரல் கருவியை இயக்குபவர், தீவிர சிகிச்சைச் செவிலியர் எல்லோருக்கும் பங்குண்டு. பட்டியலில் இருப்பது ஒரே பெயர். அந்தப் பெயருக்குரியவர், நிலைமை மோசமான நோயாளியை இன்னொருவர் அனுப்பினால் தயங்குவார். தன் தவறை கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லவும் யோசிப்பார். நோயாளியின் நிலைக்கேற்ப எண்களைத் திருத்தித்தான் போடுகிறார்கள், ஆனாலும் பயம் போவதில்லை.

மூடிய அறையில் அந்தப் பயம் குறைவு. நோயாளிக்கு மட்டும் எதுவும் தெரியாது, அது பெரிய குறைதான். எண்களை வெளியிடுங்கள், ஆனால் குழுவின் பெயரில் வெளியிடுங்கள் என்பேன்.