கப்சாயில் நாயோடு கேம்பிங்: கூடையைவிட வெயில்தான் முக்கியம்

நாயை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு கேம்பிங் போகிறேன் என்றதும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "எந்தக் கூடை வாங்கினீங்க?" கூடையைப் பற்றிச் சொல்கிறேன். ஆனால் கோலாலம்பூர் வெயிலிலும் புழுக்கத்திலும் கூடைக்கு முன்னால் யோசிக்க வேண்டியது, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பது.

மைலோ நாட்டு நாய், 9 கிலோ. மோட்டார், பழகிப்போன ஹோண்டா ஈஎக்ஸ்5. கப்சாய் என்று நாங்கள் சொல்கிற சின்ன மோட்டார் சைக்கிள். கோலாலம்பூர் செந்தூலில் இருந்து வடக்கே உலு யாம், பத்தாங்காலி, கோல குபு பாரு பக்கம்தான் எங்கள் பயணமெல்லாம். சில வருடங்களாகப் போய் வருவதால் எது தாங்கியது, எது தாங்கவில்லை என்று இப்போது தைரியமாகச் சொல்ல முடிகிறது.

இணையத்தில் வாங்கிய துணிக்கூடைதான் முதலில் இருந்தது. படத்தில் பார்க்க அழகு. பக்கவாட்டில் ஒரு சின்ன வலை, மற்றதெல்லாம் கெட்டித் துணி. வெயிலில் கையை உள்ளே விட்டுப் பார்த்தால் அடுப்படி மாதிரி இருந்தது. போதாததற்கு ஒரு மழைக்காலத்துக்குள் ஜிப் துருப்பிடித்து நின்றுவிட்டது. 5 கிலோவுக்குக் குறைவான நாயைப் பக்கத்துத் தாமான் (குடியிருப்பு) வரை கொண்டுபோக அது போதும். கேம்பிங்குக்கு வேண்டாம்.

இப்போது இருப்பது பசாரில் காய்கறி அடுக்கும் பிளாஸ்டிக் கூடை. நாலு பக்கமும் ஓட்டை, கழுவினால் ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும், விலையும் கொஞ்சம்தான். முன்பக்கம் மட்டும் மீன் தொட்டிக் கடையில் வாங்கிய கெட்டி வலையை இரண்டு மடிப்பாகக் கட்டியிருக்கிறேன், பூச்சியும் தூசியும் கண்ணில் அடிக்காமல் இருக்க. நாய்க் கண்ணாடி வாங்கினேன். மைலோ காலால் தட்டிவிட்டான். வலையை அவன் கண்டுகொள்ளவே இல்லை. அடியில் பழைய யோகா விரிப்பை வெட்டிப் போட்டேன். கப்சாயின் அதிர்வு கால் வழியாக ஏறுவதால் விரிப்பு கட்டாயம் வேண்டும்.

கூடையை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பின்சட்டத்தில், அதாவது சீட்டுக்குப் பின்னால் சாமான் கட்டும் கம்பித் தட்டில், வைக்கத்தான் கை போகும். எங்கள் பட்டறை அண்ணன் பார்த்ததும் சொன்னார்: "பாரத்தைப் பின்னால தள்ளாதே தம்பி, முன் டயரு மிதக்கும்." பின்சக்கரத்துக்கு அப்பால் எடை தொங்கினால் வளைவில் ஹேண்டில் லேசாகி ஆடும். சட்டத்திலேயே எவ்வளவு எடை தாங்கும் என்று எழுதியிருப்பார்கள். பலவற்றில் அது சில கிலோதான். உயிருள்ள சுமை நகரவும் செய்யும், திரும்பியும் பார்க்கும். அதனால் கூடை பின்சீட்டின் மேல், இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில். கைப்பிடிக் கம்பியிலும் சீட்டுக்கு அடியிலும் ராச்செட் பெல்ட் (பல்சக்கரப் பூட்டு உள்ள பட்டை) போட்டு இறுக்கினேன். ரப்பர் கயிற்றை நம்பாதீர்கள், இழுத்தால் நீண்டுவிடும். பின்சட்டத்தில் கூடாரம், விரிப்பு போன்ற லேசான சாமான். தண்ணீர் முன்கூடையில்.

மைலோவைக் கட்டுவது கழுத்துப் பட்டையில் இல்லை, மார்பு ஹார்னஸில், இரண்டு குட்டைக் கயிற்றால். எழுந்து நிற்கலாம், குதிக்க முடியாது. கழுத்தில் கட்டிய நாய் விழுந்தால் தூக்குப் போட்ட மாதிரி ஆகிவிடும்.

சரி, வெயிலுக்கு வருவோம். நமக்குப் போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்து, நாக்கில் இருக்கும் ஈரம் ஆவியாகித்தான் சூடு தணியும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும் நம் ஊரில் அந்த ஆவியாதல் பாதிதான் வேலை செய்யும். நாயின் சாதாரண உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி வரை. 41ஐத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. மோட்டார் ஓடும்வரை காற்று படும், பிரச்சினை இல்லை. ஜாலான் ஈப்போவில் சிவப்பு விளக்கில் லாரிகளுக்கு நடுவே நிற்கும்போதுதான் கீழிருந்து இஞ்சின் சூடும் மேலிருந்து வெயிலும் சேரும்.

அதனால் நாங்கள் ஆறு மணிக்கே கிளம்பிவிடுவோம். ஏழு மணி வாக்கில்தான் இங்கே விடியும். செலாயாங் தாண்டி பத்து அணைக்கட்டுச் சாலையில் ஏறும்போது இன்னும் குளிர்ச்சியாக இருக்கும். சனி ஞாயிறில் பெரிய மோட்டார்க்காரர்கள் அந்த வளைவுகளில் பறப்பார்கள், அவர்கள் வருவதற்குள் ஏறிவிடுவது இன்னொரு லாபம். உலு யாமில் லோ மீ நூடுல்ஸ் கடை ஒன்றில் வெளிமேசை பார்த்து உட்கார்ந்தால் மைலோ காலடியில் படுத்துக்கொள்வான். தமிழ் முஸ்லிம்களின் மாமாக் கடைக்கு அவனைக் கூட்டிப்போவதில்லை. சாப்பிட வரும் முஸ்லிம் சகோதரர்களுக்குச் சங்கடம், நமக்கும் நிம்மதி இருக்காது.

நாக்கு அகலமாகி நுனி வளைந்து தொங்கினாலோ, ஈறு கருஞ்சிவப்பானாலோ, எச்சில் பசைபோலக் கெட்டியானாலோ அங்கேயே நிறுத்துங்கள். நிழலில் இறக்கி வயிற்றிலும் தொடையிடுக்கிலும் பாதத்திலும் தண்ணீர் ஊற்றி, விசிறுங்கள். ஈரத்துண்டால் மூடி வைப்பது தப்பு. கொஞ்ச நேரத்தில் அதுவே போர்வையாகி சூட்டை அடைக்கும். ஷிட்சூ, பக் மாதிரி தட்டை மூக்கு நாய் வைத்திருக்கிற கொண்டோ நண்பர்களே, உங்களுக்கு இந்தப் பயணம் வேண்டாம். காரில் ஏர்கான் போட்டு வாருங்கள்.

பழக்குவதற்கு அவசரம் கூடாது. கூடையை முதலில் வரவேற்பறையில் வைத்து அதிலேயே சோறு போட்டேன். அப்புறம் நிறுத்திய மோட்டாரின் மேல். அப்புறம் இஞ்சின் ஓட, நகராமல். அதற்குப் பிறகுதான் தாமானுக்குள் ஒரு சுற்று. கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பிருந்தே சோறு கிடையாது, தண்ணீர் மட்டும்.

கால்நடை டாக்டரம்மாவிடம் போகாமல் காட்டுக்குப் போகாதீர்கள். 2015ல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் வெறிநாய்க்கடி பரவியபோதுதான் நம்மில் பலர் விழித்துக்கொண்டோம். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட அட்டையைக் கையில் வைத்திருங்கள். அருவிப் பக்கம் எலி மூத்திரத்தால் வரும் காய்ச்சலுக்குத் தனி ஊசி, வருடத்துக்கு ஒரு தடவை. உண்ணிக்கு ப்ளூரலனர் மாத்திரை கொடுக்கிறேன், பன்னிரண்டு வாரம் தாங்குகிறது. ரத்தம் உறிஞ்சும் அட்டைப் பூச்சிக்கு மருந்து இல்லை, விரலிடுக்கைத் தினமும் விரித்துப் பார்க்க வேண்டியதுதான். கழுத்துப் பட்டையில் டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகராட்சி) லைசன்ஸ் வில்லை. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி விலங்கை வதைத்தால் அபராதம் 20,000 வெள்ளியில் (ரிங்கிட்) இருந்து ஒரு லட்சம் வரை. கூடை விஷயத்தில் கஞ்சத்தனம் பண்ண நினைப்பவர்கள் இதையும் கணக்கில் சேருங்கள்.

இடம் பிடிப்பதுதான் தலைவலி. வனப் பூங்காக்களில் பெரும்பாலும் நாய்க்கு அனுமதி கிடையாது. தனியார் முகாமில் வாட்சப்பில் கேட்டுவிட்டுப் போங்கள், நாயின் படத்தோடு. சீனர்கள் தோட்டங்களில் நடத்தும் இடங்களில் பெரும்பாலும் தலையாட்டுவார்கள். அனுமதி பெற்ற முகாமா, மேலே சரிவு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். 2022 டிசம்பர் 16ல் பத்தாங்காலி முகாமில் மண் சரிந்து 31 பேர் இறந்த பிறகு, மலையடிவாரத்தில் கூடாரம் போட எனக்கு மனம் வருவதில்லை. ஆற்றங்கரையும் வேண்டாம், மேலே பெய்த மழை கெப்பாலா ஆயராக, திடீர் காட்டாற்று வெள்ளமாக வந்தால் நாயின் கயிற்றை அவிழ்க்கக்கூட நேரம் இருக்காது. டுரியான் பருவத்தில் மரத்தடியைத் தவிருங்கள். விழுந்த பழத்தை மைலோ மோப்பம் பிடித்து ஓடுவான், கொட்டையை விழுங்கினால் குடலில் அடைக்கும்.

கூடாரத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு பேர் படுக்கிற அளவு, தரைத்துணி கெட்டியாக இருந்தால் நகம் கிழிக்காது. ராத்திரி அவனை வெளியே கட்டுவதில்லை; குரங்கும் காட்டுப்பன்றியும் வந்தால் அவன் சும்மா இருக்க மாட்டான், நானும் தூங்க முடியாது.

இப்போதைக்கு குறை ஒன்றுதான்: மழை. அக்டோபர், நவம்பர் மாலைகளில் இடியோடு கொட்டும்போது கூடையை மூடினால் காற்று நிற்கிறது, திறந்தால் நனைகிறான். லாரித் தார்ப்பாயைக் கூரை மாதிரி நான்கு கம்பியில் உயர்த்திப் பார்க்கலாம் என்று பட்டறை அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். "காத்து அடிச்சா மோட்டாரே பாய்மரக் கப்பலாயிடும்" என்கிறார். அதுவரைக்கும் பெட்ரோல் நிலையக் கூரைதான் எங்களுக்குக் கதி.